சாயபு தோட்டத்துப் பந்தக்கால்கள்

தர்மபுரி தனி மாவட்டமான மறு வருடம், 1966 ஜூன் 14ஆம் தேதி, எங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று, ஒன்றியத்தில் கொசு உண்டா என்று கேட்டது. மற்றது, வரலாறு உண்டா என்று கேட்டது. புது மாவட்டத்துக்கு வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் பட்டியல் தேவைப்படுகிறதாம்; பதினைந்து நாளில் அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதலாம்.

எங்கள் ஆணையர் எந்தப் படிவத்திலும் 'இல்லை' என்று எழுதாதவர். கொசுக் கடிதத்துக்கு, "உண்டு, போதிய அளவில் உண்டு" என்று எழுதச் சொன்னார். நான் அந்த அலுவலகத்தில் கடிதப் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போடுவதும் போகிற கடிதத்தை எழுதுவதும் என் வேலை. எழுதினேன்.

"அதியமான்கோட்டைக்காரனுக்குப் பேரிலேயே கோட்டை இருக்குது. நமக்கு என்னய்யா இருக்கு?" என்றார் அடுத்ததாக.

"ஓடைக்கரையில சாயபு தோட்டம் இருக்குங்க சார்."

"தோட்டமா? அது லாரிய நிறுத்திக் கழுவற இடம் இல்ல?"

இரண்டும் ஒன்றுதான். கம்பைநல்லூர் ரோட்டில் பாலத்தை ஒட்டி, ஓடைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு ஏக்கர் நிலம். பாலக்கோட்டிலிருந்து வெல்லம் ஏற்றி வருகிற தன் வண்டிக்காரர்களும் மாடுகளும் வெயிலுக்கு ஒதுங்க வேண்டும் என்று தாவூது சாயபு என்ற வியாபாரி 1902இல் அமைத்து, ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் வைத்த நீர்மருது, புங்கன், இலுப்பை எல்லாம் அடுத்தடுத்து வந்த நிர்வாகங்களின் விறகுத் தேவைக்கேற்பக் குறைந்துகொண்டே வந்தன. மிஞ்சியவை ஒரு நாவல் மரம், வண்டிக்காரர்கள் தங்கிய ஓட்டுவீடு ஒன்று, சீமைக்கருவேல முள், துணி துவைக்கிற கல். அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்தபோது அடியில் சாயபுவின் பெயரும் ஆண்டும் தெளிவாக இருந்தன. அறுபது வருடமாகக் குப்புறக் கிடந்ததால் எழுத்து தேயவில்லை. ஊரில் வரலாற்றைப் பாதுகாத்தது துணி துவைத்தவர்கள் மட்டுமே. கல்லை நிமிர்த்தி நட்ட மூன்றாம் நாள், துவைக்கக் கல் இல்லை என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். அதற்கும் எண் போட்டு வைத்தேன்.

வரலாறு உறுதியானதும் சீரமைப்புத் திட்டம் வந்தது. 1971 மார்ச் 31ஆம் தேதி ஆய்வின்போது தோட்டத்தில் உயிருள்ள மரங்கள் நூறு இருக்க வேண்டும். அதற்காகத் தற்காலிகத் தோட்டக்காரர் ஒருவர் நியமிக்கப்படுவார். குடியிருக்க அந்த ஓட்டுவீடு தரப்படும். நூறு மரம் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. இடையில் மூன்று மெமோ வாங்கினால் மார்ச் 31 வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த வேலைக்கு வந்தவர் மாது. குத்தகைக்கு உழுத நிலத்தை விட்டுவிட்டு, மனைவி தீர்த்தம்மாளோடு நான்கு பாத்திரமும் ஒரு கட்டிலுமாக ஓட்டுவீட்டில் குடியேறினார். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

மரங்கள் அரசு நாற்றங்காலிலிருந்து லாரியில் வந்தன: தைலமரம், சில்வர் ஓக், குல்மொஹர், அழகுக்குக் குரோட்டன்ஸ். சாயபு வைத்த மரங்களில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அவை எல்லாம் வேறொரு பட்டியலில், 'காட்டு மரம், வெட்டத் தக்கவை' என்ற தலைப்பில் இருந்தன. ஆணையர் கயிறு கட்டி, நேர்க்கோட்டில் நூறு குழி எடுக்கச் சொன்னார். கன்றுகள் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நின்றன.

1967 ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தது. ஓடை வருடாவருடம் வருவதுதான். திட்ட வரைபடத்தில் தனக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பது அதற்குத் தெரிவிக்கப்படவில்லை. அணிவகுப்பு முழுவதும் தென்பெண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் இரண்டாவது லாரி வந்தது. ஆடு தைலமரத்தைத் தின்னாது என்று குறிப்பில் இருந்தது. உண்மைதான். தைலமரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. தைலமரம் யாருடைய உதவியும் இல்லாமல் பங்குனியில் தானே காய்ந்தது.

இரண்டு முறையும் மாதுவுக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. காலையில் நான் எழுதினேன்: 'தங்களது அலட்சியத்தால் கன்றுகள் அழிந்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' மாதுவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு என்னிடமே வருவார். நான் பதில் எழுதுவேன்: 'தாங்கள் கூறுவது முற்றிலும் தவறு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' மறுநாள் அதற்கு எண் போட்டு, பதில் திருப்திகரமாக இல்லை என்று குறிப்பு வைப்பதும் நான்தான்.

"மூணாவது மெமோ வந்தா வூட்ட காலி பண்ணணுங்களா சார்?" என்று கேட்டார் மாது, இரண்டாவது பதிலில் கைநாட்டு வைத்துவிட்டு.

"ஆமா."

"அதையும் நீங்கதான் எழுதுவீங்க?"

"ஆமா மாது."

"கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க சார். எம்பொண்டாட்டி ரெண்டாங்கிளாஸ் படிச்சிருக்கறா. எழுத்துக் கூட்டிப் படிப்பா."

எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பெண்தான் மறுநாள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் நியமன ஆணை.

"நூறு மரம்னு போட்டிருக்குதுங்க. என்னா மரம்னு இதுல இல்லீங்களே?"

வாங்கிப் பார்த்தேன். மரங்களின் பெயர் இணைப்பில் காண்க என்று இருந்தது. இணைப்பு, எங்கள் அலுவலக வழக்கப்படி, இணைக்கப்படவில்லை.

"இல்லதான்" என்றேன்.

"அப்ப எந்த மரமா இருந்தாலும் மரந்தானுங்களே சார்?"

"உயிரோட இருக்கணும்."

"இருக்குதுங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தலுக்கு முதலில் நடுவது பச்சை மரக்கம்பு ஒன்று. அதுதான் பந்தக்கால். கல்யாண முருங்கையோ, ஒதியனோ, பூவரசோ, அத்தியோ, அவரவர் வழக்கம். கல்யாணம் முடிந்து நாள் பார்த்துப் பிடுங்குவார்கள். அதை எரிக்கக் கூடாது, மிதிபடுகிற இடத்தில் போடக் கூடாது. தண்ணீர் ஓரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஊரில் தண்ணீர் ஓரம் என்றால் சாயபு தோட்டத்து ஓடைதான். தோட்டம் வரலாற்றுச் சின்னமானதிலிருந்து இந்தக் கம்புகள் 'குப்பை' ஆகிவிட்டன. அவற்றை அகற்ற வேண்டும் என்று ஆணையர் தனியாக ஒரு ஆணை போட்டிருந்தார். எரிக்க மனம் இல்லாமல், ஆணையை மீறவும் தைரியம் இல்லாமல், மாது இரண்டு வருடமாக அவற்றை வீட்டுக்குப் பின்னால் ஈரத்தில் அடுக்கி வைத்திருந்தார்.

அடுக்கு தழைத்திருந்தது. அரசாங்கம் லாரியில் அனுப்பிய இருநூறு கன்றும் செத்த இடத்தில், குப்பை என்று ஒதுக்கிய பதினோரு கம்பு கொழுந்து விட்டிருந்தது.

"இத நட்டா போதுங்க. ஊருல கல்யாணத்துக்குப் பஞ்சமா?" என்றாள் தீர்த்தம்மாள்.

1969 வைகாசியிலிருந்து அவள் கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். மொய் எழுதுகிற கூட்டம் கலையும்வரை காத்திருந்து, பெண்ணைப் பெற்றவர்களையும் பிள்ளையைப் பெற்றவர்களையும் பிடித்து, "காலைத் தூக்கி எறியாதீங்க, எங்கிட்டக் குடுங்க, ஓடையோரம் நட்டு வெக்கிறேன், துளுத்துதுன்னா உங்க புள்ள குடும்பம் துளுத்த மாதிரி" என்றாள். வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எந்தப் பெற்றோருக்கும் வரவில்லை.

பிரச்சினை வந்தது இடத்தில். எல்லாருக்கும் தண்ணீர் ஓரம் வேண்டும். அதைவிட, யார் கால் பக்கத்தில் யார் கால் என்பது வேண்டும். தீர்த்தம்மாள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று: தபால் பதிவேட்டு ஒழுங்கு. "வந்த தேதி வரிசைப்படி நடு. எண் எழுதித் தகரத்துண்டு கட்டு" என்றேன். ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: எண், தேதி, மரம், யாருடையது.

ஏழாம் எண்ணுக்குரிய பெரிய வீட்டுக்காரர் வந்து கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க கால் பக்கத்துல யாருது வருது?"

"அடுத்து யாருக்குக் கல்யாணம் ஆவுதோ அவங்களுதுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

"அது யாருன்னுதான் கேக்கறேன்."

"எனக்கெப்பிடிங்க தெரியும்? இப்பதான் எங்கயோ பொண்ணு பாத்துகினு இருப்பாங்க."

எட்டாம் எண் யாருடையது என்று தெரிந்தபோது அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். ஆனால் அதற்குள் ஏழு வேர் பிடித்துவிட்டது. வேர் பிடித்ததைப் பிடுங்கினால் யார் குடும்பத்துக்கு ஆகாது என்பதைத் தீர்த்தம்மாள் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காதவர்களின் கால்கள் ஓடைக்கரையில் தோளோடு தோள் இடிக்க நின்றன. இதற்காக யாரும் மாநாடு நடத்தவில்லை.

ஆடும் வருவது நின்றது. வேலி போட்டதால் அல்ல. எண் 23ஐ ஒரு ஆடு கடித்தது. பிள்ளையைப் பெற்றவள் ஆட்டுக்காரன் வாசலில் போய் நின்று, "உன் ஆடு தின்னது தழையில்லடா, என் மவன் குடும்பம்" என்று தெருவையே கூட்டினாள். அன்றிலிருந்து ஆட்டுக்காரர்கள் தோட்டத்தைத் தாண்டும்போது ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முதல் வருடம் தை மாதம் ஒரு சிக்கல். கல்யாண முருங்கைகள் எல்லாம் இலை கொட்டின. அது அந்த மரத்தின் வழக்கம். ஆனால் அதுவரை யாரும் அதை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. மாமியார்கள் குடத்தோடு வந்தார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்த மூன்று மருமகள்கள் வண்டி கட்டி அழைத்து வரப்பட்டார்கள். அந்த ஒரு மாதம் ஊரில் மருமகள்களுக்கு நடந்த உபசாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாசியில் மரங்கள் சிவப்பாகப் பூத்தன. உபசாரம் நின்றது.

தாவூது சாயபுவின் பேரன் கவுஸ் பாஷா, கடைத்தெருவில் டிரங்குப் பெட்டி விற்பவர், ஒருநாள் மாதுவைத் தேடி வந்தார்.

"என்னா மாது, எங்க தாதா குடுத்த தோட்டம். ஊருல இருக்கறவன் கால் எல்லாம் நிக்குது. எங்களுக்கு எடம் இல்லியா?"

"உங்க கல்யாணத்துல பந்தக்கால் நடமாட்டீங்களே பாய்."

"அதுக்கு நான் என்னா பண்றது? எம்பொண்ணு வஹிதாக்கு அடுத்த மாசம் நிக்காஹ். எதனா பாத்து சொல்லு."

தீர்த்தம்மாள்தான் சொன்னாள். "பொண்ணு கைக்கு மருதாணி வெப்பீங்க இல்ல பாய்? தழைய உருவிக்கினு கம்ப எங்ககிட்டக் குடுங்க."

கவுஸ் பாஷா ஒரு கட்டுக் கேட்டதற்கு ஒரு வண்டி அனுப்பினார். சாலையோரம் நெடுக நட்டார்கள். ஒரே வருடத்தில் முள்ளும் நெருக்கமுமாக மருதாணி வேலி எழுந்தது. தோட்டத்துக்குள் போக மூங்கில் படல் ஒன்று மட்டும் வழி. கால்கள் கொடுத்த நிழலில், யாரும் நடாத நொச்சியும் ஆடாதொடையும் கரையில் பரவின. பழைய நாவலடியிலும் எங்கிருந்தோ வந்த புங்கங்காயிலிருந்தும் கன்றுகள் எழுந்தன. மாது அவற்றைச் சுற்றிக் கல் வைத்தார்.

இவ்வளவும் நடந்தபோது ஆணையர் தோட்டத்துக்கு வரவில்லை. அறிக்கை மாதாமாதம் நான் எழுதிப் போய்க்கொண்டிருந்ததால் வர வேண்டிய அவசியமும் இல்லை. 1971 பிப்ரவரியில்தான், ஆய்வுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜீப்பில் வந்தார். படலைத் திறந்து உள்ளே போனவர் கயிறு பிடித்த வரிசையைத் தேடினார்.

"தைலமரம் எங்கே?"

"செத்துப்போச்சுங்க" என்றார் மாது.

"இதெல்லாம் என்ன?"

"கல்யாணக் காலுங்க."

ஆணையர் என் பக்கம் திரும்பினார். "அனுமதியற்ற வளர்ச்சி. எழுதிக்குங்க. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, கயிறு பிடிச்சு நூறு தைலமரம் நடணும். ஒரு மாசம் இருக்கு. மாதுவுக்கு மூணாவது மெமோ டைப் பண்ணி வையுங்க. மரத்த வெட்டினதும் குடுத்துடலாம்."

வெட்டும் ஒப்பந்தம் தர்மன் என்பவருக்குப் போயிற்று. மார்ச் 4ஆம் தேதி காலை அவர் ஆறு ஆட்களோடும் அரிவாள்களோடும் வந்தார். மாது வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தீர்த்தம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து படலண்டை நின்றாள். மெமோவோடு நான் அங்கே இருந்தேன்.

"எதுலருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"இந்தா, முன்னாடி நிக்குதே" என்றார் தர்மன்.

"பதினாலு. முனிராஜ் கல்யாணக் கால்." ஆட்களில் ஒருவனைப் பார்த்தாள். "முனிராஜ், நீயே வெட்டறியா, வேற ஆளா?"

முனிராஜ் அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "எம்பொண்டாட்டி ஆறு மாசம் முழுவாம இருக்கறாண்ணா. நான் வர்ல."

"சரி, அத வுடு. அடுத்தது."

"பதினஞ்சு, உங்க மச்சான் பொண்ணுது. பதினாறு, கம்பைநல்லூர்க்காரங்க. அவங்க எட்டுப் பேர் அண்ணன் தம்பி. பதினேழு..." தீர்த்தம்மாள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "இத சொல்லவாங்க?"

"என்னா, சொல்லேன்."

"உங்களுதுங்க. முந்தா வருசம் ஆவணியில பாலக்கோட்டுப் பக்கம் சத்தம் போடாம ஒண்ணு பண்ணீங்களே. அந்தப் பொண்ணு தானே தூக்கியாந்து குடுத்துச்சு."

ஆட்கள் ஆறு பேரும் தர்மனைப் பார்த்தார்கள். அவருடைய முதல் மனைவியின் தம்பி அந்த ஆறு பேரில் ஒருவன்.

"யாரு சொன்னது? எவ சொன்னது?" என்று தர்மன் கத்தினார். பிறகு குரலை இறக்கி, "அந்த நோட்ட மூடும்மா" என்றார்.

"மூடிடறேங்க. வெட்டணும்னாதான் பேரு படிக்கணும்."

போகும்போது தர்மன் திரும்பிக் கேட்டார். "இவ்வளவு பேசறியே, உன்னுது எங்க நிக்குது?"

"எங்களுக்கு ஏதுங்க பந்தல்? கோயில்ல ரெண்டு மாலை, அவ்வளவுதான். இங்க நிக்கிறது பூராம் உங்களுதுதான்."

ஆணையர் சாலைப் பணியாளர்களை அனுப்பினார். அவர்கள் எண் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அலுவலகப் பியூனைக் கூப்பிட்டார். பியூன் தன்னுடையது 41 என்றார். கடைசியில் தானே அரிவாளைக் கையில் எடுத்து ஒரு பூவரசை நெருங்கினார்.

"சார், அது நம்ம சேர்மன் மூத்த பொண்ணுதுங்க" என்றேன்.

அரிவாளை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மெமோ என் பையிலேயே இருந்தது.

மார்ச் 31 வந்தது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. எண்ணினார்கள். பந்தக்கால் எண்பத்தொன்பது, புங்கனும் நாவலும் பதினாறு. ஆக நூற்றைந்து. மாது கை கட்டி நின்றுகொண்டு அவர்களோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே எண்ணினார். நூறு தாண்டியதும் தீர்த்தம்மாளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

குழுத் தலைவருக்குப் பரம திருப்தி. "யார் நட்டது இதெல்லாம்?"

"பொதுமக்கள் சார்" என்றார் ஆணையர். "நான் சும்மா ஒரு தூண்டுதல்தான்."

"தண்ணி ஊத்தறது?"

அந்த நேரம் பார்த்து ஒரு மாமியார் குடத்தோடு வந்து எண் 52க்கு ஊற்றிவிட்டு, ஆய்வுக் குழுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அவங்களேதான் சார்" என்றார் ஆணையர்.

தலைவர் மாதுவைப் பார்த்தார். "அப்போ இந்த ஆள் எதுக்கு?"

ஏப்ரல் 20ஆம் தேதி உத்தரவு வந்தது. பொதுமக்கள் தாமே முன்வந்து பேணும் முன்மாதிரிப் பூங்கா என்பதால் தோட்டக்காரர் பணியிடம் தேவையற்றது, அது ஒழிக்கப்படுகிறது, ஓட்டுவீட்டை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

நூறு மரம் இருந்தால் நிரந்தரம் என்ற பழைய ஆணையை நான் எடுத்துக் காட்டினேன். ஆணையர் பொறுமையாக விளக்கினார். "நிரந்தரம் பண்றோம்னுதான் சொன்னோம், இல்லேன்னு சொல்லல. ஆனா போஸ்ட்டே இல்லைன்னா எதுல நிரந்தரம் பண்றது, நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் மாது அந்த உத்தரவோடு வந்தார். வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பதில் எழுதுங்க சார்."

"இது மெமோ இல்ல மாது. பதில் கேக்கல."

"மரம் செத்தப்பல்லாம் கேட்டாங்களே?"



முன்மாதிரிப் பூங்காவானதும் ஆணையர் படலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். பலகையும் வைத்தார்: 'அலுவலக அனுமதியின்றி உள்ளே எதையும் நடவோ பிடுங்கவோ கூடாது. ஆணையர்.' பலகையில் எழுத வேண்டிய வாசகத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மே 20ஆம் தேதி, மாது கட்டிலைத் தலைகீழாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குள்ளம்மாள் என்ற பெண்மணி மகனோடும் மருமகளோடும் வந்தாள். மகன் தோளில் ஏழடிக் கல்யாண முருங்கை. வைகாசியின் முதல் கல்யாணம்.

"தீர்த்தா, எங்கடி சாமான ஏத்திக்கினு போறீங்க? எம்மவன் காலு?"

"எங்களுக்கு இங்க வேல இல்லியாம் அக்கா. நடற வேல ஆபீஸ் வேலையாம். பலகையில எழுதிப் போட்டிருக்குது பாரு. அங்க போ."

குள்ளம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். ஆணையர் பெருந்தன்மையாக ஒரு சாலைப் பணியாளரைச் சாவியோடு அனுப்பினார். அவர் குழி தோண்டி, கம்பை நட்டு, மண்ணை மிதித்து, கையைத் தட்டிக்கொண்டார். குள்ளம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். கிளை வெட்டிய கணு எல்லாம் தரையைப் பார்த்து இருந்தது.

"அய்யய்யோ! தலகீழா நட்டுட்டானே! எம்மவன் கல்யாணத்த தலகீழா நட்டுட்டானே!"

மகன் கம்பைப் பிடுங்கித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான். பஸ் நின்றது. பாலத்தின் மேல் கூட்டம் கூடியது. அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: தீர்த்தம்மாள் கைப்பட்டது ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை, ஆபீஸ் ஆள் நட்டால் கல்யாணம் தலைகீழ். அவளும் மாதுவும் பாலத்துக்கு அப்பால் கவுஸ் பாஷாவின் பழைய பெட்டிக் கிடங்கில் ஒதுங்கியிருந்தார்கள். ஊரார் அங்கே போய்க் கெஞ்சினார்கள்.

"சாவி ஆணையர்கிட்ட இருக்குதுங்க. அனுமதி குடுத்தா வர்றேன்" என்று எல்லாரிடமும் ஒரே பதில் சொன்னாள்.

ஆகவே குள்ளம்மாளுடையது முதலாகக் கால்கள் அலுவலகத்துக்கு வந்தன. அனுமதி கேட்டு மனு, கூடவே மனுவுக்குரிய பொருள். மனுவோடு வந்த பொருளுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். 'பெறப்பட்டது: பந்தக்கால் ஒன்று, ஒதியன், பச்சை, நீளம் ஆறடி. நடவு அனுமதி வரும்வரை அலுவலகப் பாதுகாப்பில் இருக்கும்.' தேதி வரிசைப்படி எண் கட்டி, தாழ்வாரச் சுவரில் சாய்த்து வைத்தேன். வாடிப்போனால் அரசு பொறுப்பாகிவிடும் என்பதால் அடியில் ஈரச்சாக்குச் சுற்றி, பியூன் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

"இதையெல்லாம் தூக்கி வெளிய எறிங்கய்யா!" என்றார் ஆணையர் பத்தாவது கால் வந்த அன்று.

பியூன் கும்பிட்டார். "என்னை டிஸ்மிஸ் பண்ணுங்க சார். அது பரவால்ல."

குள்ளம்மாள் தினமும் வந்தாள். "எட்டு நாளாச்சுங்க. எம்மருமவ மொகத்துல சிரிப்பே இல்ல."

"அந்தக் கம்ப எடுத்து அப்படி ஓரமாப் போட்டுட்டுப் போம்மா" என்றார் ஆணையர்.

"போடறதா? உங்க கல்யாணத்துக் கால உங்க ஆயா ஓரமாப் போட்டாங்களா?"

ஆனியில் ஒரு மழை. தாழ்வாரத்தில் பதினேழு கால்களும் துளிர்த்தன. ஆணையர் அறைக்குப் போகிறவர்கள் கிளையை விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சைக்கிள் நிறுத்தம் வெயிலில்தான் என்று இருந்த அலுவலகத்துக்கு முதல்முறையாக நிழல் வந்தது. அதையும் யாராவது முன்மாதிரி என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் கொஞ்சம் பயந்தேன்.

பதினெட்டாவது கால் ஒரு காரில் வந்தது. கூடவே சேர்மன் வந்தார். அவருடைய இளைய மகளுக்குப் போன வாரம் கல்யாணம்.

"மூத்தவளுது ஓடையோரம் ஜம்முனு நிக்குது. சின்னவளுது உங்க ஆபீஸ் வராந்தாவுல, பதினேழு பேருக்குப் பின்னாடி நிக்கணுமா?" என்று ஆணையரைக் கேட்டார். "என் சம்சாரம் மூணு நாளா என்னோட பேசல. அந்தம்மாவக் கூப்பிட்டு நடச் சொல்லுங்க."

"அவங்க வீட்டுக்காரருக்குப் போஸ்ட் இல்லைங்களே சார். மேலிடத்து உத்தரவு."

"ஏதாவது போஸ்ட் காலி இருக்கும். பாருங்க."

ஆணையர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். 1966இல் கொசு போதிய அளவில் உண்டு என்று எழுதியதற்கு மதிப்பளித்து, அரசு எங்களுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் பணியிடம் ஒன்றை நிரந்தரமாக அனுமதித்திருந்தது. ஐந்து வருடமாக யாரும் நியமிக்கப்படாமல் கிடந்தது. பணியிடத்தின் கடமைகளில், நீர்நிலை ஓரம் குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க இடமிருந்தது. சேர்த்தேன்.

அன்று மாலையே ஆணையை எடுத்துக்கொண்டு கவுஸ் பாஷாவின் கிடங்குக்குப் போனேன். மாது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்த்தம்மாளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கொ-சு... ஒழிப்பு. ப-ணி-யாளர். நிரந்தரம்." நிமிர்ந்து பார்த்தாள். "வூடும் உண்டுங்களா?"

"உண்டு. அதே வூடு. சாவி இந்தா."

மாது எழுந்து கட்டிலை மடக்கப் போனார். அது மடங்குகிற கட்டில் இல்லை என்பது அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆனா சார்," என்றாள் தீர்த்தம்மாள், "கொசு மருந்து அடிக்கச் சொல்லுவாங்களே? அத அடிச்சா ஓடைத்தண்ணி என்னா ஆவறது? கரையில இருக்கறது என்னா ஆவறது?"

"மருந்தும் பம்பும் இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"கேட்டு எழுதினாத்தான் வரும்."

"யாரு எழுதணும்?"

"நான்தான்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எழுதாதீங்க சார்" என்றாள்.

இன்றுவரை எழுதவில்லை.